பதினைந்து மீட்டர்

போன மாதம் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் வாட்சாப்பில் இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்று புது மிர்ரர்லெஸ் கேமரா. லென்சோடு சேர்த்து ஏழாயிரம் வெள்ளி. இன்னொன்று ஆம்கார்ப் மாலில் வார இறுதியில் பழைய சாமான் விற்கிறார்களே, அங்கே பார்த்த பாக்கெட் கேமரா. பதினைந்து வருடப் பழசு, நூற்றைம்பது வெள்ளி. இப்போது பிள்ளைகள் இதைத்தான் தேடி அலைகிறார்கள். "எதுண்ணே நல்லது? நேர்மையா சொல்லுங்க" என்று கேட்டிருந்தான்.

இதுக்கெல்லாம் நேர்மை எதுக்குடா, பட்ஜெட் போதும் என்று எழுதப்போனேன். எழுதி அழித்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு இன்னும் பதில் போடவில்லை.

கணக்குப் பார்த்தால் இது போட்டியே இல்லை. நல்ல மிர்ரர்லெஸ் கேமராவின் சென்சர் 36க்கு 24 மில்லிமீட்டர். பாக்கெட் கேமராவின் சென்சர் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பரப்பளவில் 30 மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். அதாவது அத்தனை மடங்கு இருட்டையும் சேர்த்துப் பார்க்கும் பெரியது. முன்பிருந்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்சுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். படம் எடுக்கும்போதெல்லாம் அது 'டக்'கென்று மேலே எழும்பி இறங்கும். 2008இல் பானசோனிக்கின் ஜி1 வந்தபோது அந்தக் கண்ணாடி போனது. பிறகு மின்னணு ஷட்டர் வந்து சத்தமும் போனது. (பார்க்கப்போனால் பாக்கெட் கேமராவிலும் கண்ணாடி கிடையாது. அதை யாரும் மிர்ரர்லெஸ் என்று கூப்பிட்டதில்லை. பெரிய வீட்டில் ஒன்று இல்லாமல் போனால்தான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள்.) என்னுடையது நொடிக்கு 20 படம் எடுக்கும். கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் தானே தேடிப் பிடித்து, அதன்மேல் சின்னக் கட்டம் ஒன்றைப் போட்டு, அவர் நகர்ந்தால் கூடவே நகரும்.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முதலில் என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதட்டுமா என்று கேட்டுவிட்டேன். "எழுது, பேரு போடாத" என்றார்.

எங்கள் குடும்பத்தின் முதல் டிஜிட்டல் கேமரா சின்னம்மாவுடையது. 2007இல், ஷா ஆலாமில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் போனஸ் கொடுத்தபோது வாங்கினார். சோப்புக்கட்டி அளவு, வெள்ளி நிறம், இரண்டு டபுள் ஏ பேட்டரி. பேட்டரி தீர்ந்து கொஞ்ச நாள் அப்படியே கிடந்தால் அதன் கடிகாரம் பழைய தேதிக்கே போய்விடும். சின்னம்மாவுக்கு அதைத் திருத்தத் தெரியாது. அதனால் எங்கள் குடும்பத்தில் மூன்று கல்யாணமும் ஒரு காதுகுத்தும் 2007 ஜனவரி ஒன்றாம் தேதியே நடந்து முடிந்திருக்கின்றன. படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு எழுத்தில் போட்டிருக்கிறது.

அந்தக் கேமரா மெதுவானது. பொத்தானை அழுத்தினால் லென்சு உள்ளே வெளியே போய்வந்து, யோசித்து, பிறகுதான் எடுக்கும். அதுவரை எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். "அசையாதீங்க... அசையாதீங்க... பாப்பா கண்ண மூடாத..." என்று சின்னம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். ஃபிளாஷ் அடிக்கும். அது மறுபடி தயாராகச் சில நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் கேமராவைத் திருப்பி, திரையை எல்லோருக்கும் காட்டுவார். பெரியம்மா "ஐயோ, என் மூஞ்சி நல்லால்ல, அழிச்சிரு" என்பார். சின்னம்மா அழித்துவிடுவார். மறுபடி "அசையாதீங்க."

வீடு மாறியபோது அந்தக் கேமராவின் மெமரி கார்டை என் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு படமும் நல்ல படம் இல்லை. முகமெல்லாம் ஃபிளாஷில் வெளுத்திருக்கிறது, கண்கள் சிவந்திருக்கின்றன. ஆனால் முகத்தோடு சேர்த்து எல்லாமே தெளிவாகத் தெரிகின்றன. ஐஸ்பெட்டி மேல் வைத்த மைலோ டின், சுவரில் கோயில் காலண்டர், வாசற்படியில் குப்புறக் கிடக்கும் சிலிப்பர், பின்னால் யாரோ ஒரு பிள்ளை மூக்கை நோண்டுவது. சென்சர் சின்னதாக இருந்தால் அப்படித்தான். கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாகவே தெளியும். பின்னணியை மங்கலாக்க அதற்குத் தெரியாது. சின்னம்மா மட்டும் எதிலும் இல்லை. இரண்டு படங்களில் அவருடைய கட்டைவிரல் இருக்கிறது.

2023 தைப்பூசம். பத்துமலையில் விடியற்காலை நாலரை மணி. படம் எடுக்கும் நண்பர்கள் நாங்கள் ஐந்து பேர் சுங்கை பத்து ஆற்றங்கரைப் பக்கம் நின்றோம். சின்னம்மா அந்த வருடம் பால்குடம் எடுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். எந்த நேரம், எந்தக் கூட்டத்தோடு என்று தெரியாது. என்ன வேண்டுதல் என்பது தெரியும், அதை இங்கே எழுதமாட்டேன். 

என்னிடம் 200 மில்லிமீட்டர் வரை போகும் லென்சு இருந்தது. உறுமி மேளம் அடிக்கிற இடத்தைப் பார்த்துக் கேமராவை வைத்திருந்தேன். ஒரு பெண்ணின் கண்மேல் கட்டம் போய் உட்கார்ந்தது. நனைந்த முடி, மஞ்சள் புடவை, வாய் திறந்திருக்கிறது, அருள் வந்து உடம்பு பின்னால் வளைகிறது. விரல் அழுத்திவிட்டது. அது சின்னம்மா என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. கேமரா அவர் கண்ணைக் கண்டுபிடித்துவிட்டது, நான் அவர் முகத்தைக் கண்டுபிடிப்பதற்குள்.

இங்கேதான் நான் ஒளிந்துகொள்ள முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மொத்தம் 23 படங்கள். ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல். முதல் பத்துப் படங்களுக்கு 'யாரென்று தெரியாது' என்ற சாக்கு உண்டு. மீதிக்கு இல்லை. தெரிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை. எடுத்த கையோடு தலையைக் குனிந்து திரையில் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தேன். நிமிர்ந்தபோது கூட்டம் மூடிக்கொண்டது. அவரைக் காணோம்.

அன்றிரவு 23இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி ஃபேஸ்புக்கில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஆகச் சிறந்த படம் அதுதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். 'உறைய வைத்துவிட்டது', 'பக்தியின் உச்சம்' என்றெல்லாம் எழுதினார்கள். யார் என்று நான் போடவில்லை. அதைக் கண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் சின்னம்மா போன் செய்தார். தொழிற்சாலை கேண்டீனில் கூட வேலை செய்கிறவர் யாரோ காட்டியிருக்கிறார்.

"நீ அங்கதான் நின்னியா?"

"ஆமா சின்னம்மா. கொஞ்சம் தள்ளி."

"எவ்ளோ தள்ளி?"

"ஒரு பதினஞ்சு மீட்டர் இருக்கும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு குரல் குடுத்திருக்கலாமேடா" என்றார். அதற்கு மேல் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டார்.

அன்றே படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. ஏன் எடுத்தாய் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. பொது இடம், ஆயிரக்கணக்கான கேமராக்கள், ஆவணம், கலை. அவர் கேட்டது எங்கே நின்றாய் என்று. அருள் வந்த நேரத்தில் நான் கூப்பிட்டிருந்தால் அவர் காதில் விழுந்திருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தூரத்தைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. பாக்கெட் கேமராவில் மூன்று மடங்கு ஜூம்தான். ஒருவர் முகத்தை எடுக்க வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும், இரண்டு மீட்டர், ஒன்றரை மீட்டர். அந்தத் தூரத்தில் நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று கை காட்டலாம், முந்தானையைச் சரிசெய்யலாம், முறைக்கலாம். விழுந்தால் நீங்கள் பிடிக்கலாம். பெரிய லென்சு எனக்கு அவருடைய கண்ணிமையில் நின்ற தண்ணீரைக் காட்டியது. அத்தனை அருகே வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் பிடிக்கிற தூரத்தில் நான் இல்லை.

அந்த 23 படங்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சின்னம்மாவை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட படத்தில் அவர்கள் இல்லை. ஒருவரை ஓரத்தில் வெட்டியிருந்தேன், சட்டகம் அழகாக வரவேண்டும் என்று. மற்றவர் பின்னால் தள்ளி நின்றதால் பெரிய சென்சரும் அகலத் திறந்த லென்சும் அவரைப் புகைபோல ஆக்கிவிட்டன. விற்பனைக்காரர்கள் 'கிரீமி' என்று புகழ்வது இதைத்தான். என் படத்தில் ஒரு பெண் இருட்டில் தனியாகக் கதறுகிறாள். அன்று அந்த இடத்தில் தனியாக யாரும் கதறவில்லை. அதே நேரத்தில் சின்னம்மாவின் பழைய கேமராவை யாராவது நீட்டியிருந்தால் தாங்கிய கைகளும், தரையில் கிடந்த மினரல் பாட்டிலும், பின்னால் கொட்டாவி விட்ட ஆளும் ஒன்றுபோலத் தெரிந்திருப்பார்கள். மோசமான படம்தான். நடந்தது அதில் இருந்திருக்கும்.

இன்னொன்று, நேரம். நான் தேர்ந்தெடுத்தது ஒன்பதாவது படம். பதினெட்டாவதில் அவர் முந்தானையால் முகம் துடைக்கிறார். இரண்டுக்கும் இடையே அரை நொடிகூட இல்லை. அன்று அவரைப் பார்த்த எந்த மனிதக் கண்ணும் ஒன்பதாவது முகத்தைத் தனியாகப் பார்த்திருக்காது. நாம் முகங்களை ஓட்டமாகத்தான் பார்க்கிறோம். அழுகை தொடங்கி, ஏறி, துடைத்து, மூச்சு வாங்கி என்று எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் முகம். ஆயிரத்தில் ஒரு நொடியை வெட்டி எடுத்து, "இதுதான் உண்மை, கேமரா பொய் சொல்லாது" என்றால், அது அவருடைய முகம்தானா? கேமரா பொய் சொல்லவில்லை என்பது சரி. 23 உண்மைகளைக் கொடுத்தது. ஆகக் கிழிந்ததைத் தேடி எடுத்தவன் நான். அதுவும் அவர் முன்னால் நின்று இல்லை. இரவு பதினோரு மணிக்கு, ஏர்கான் அறையில், பக்கத்தில் ஒரு கப் மைலோவோடு.

இப்போது இது இன்னும் முன்னேறிவிட்டது. 2023 கடைசியில் சோனி அறிவித்த ஏ9 III நொடிக்கு 120 படம் எடுக்கும். நாம் பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பு நடந்ததையும் வேண்டுமென்றால் சேர்த்து வைத்துக்கொள்ளும். முடிவெடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட படத்துக்கு யார் பொறுப்பு? எடுப்பதும் தேர்ந்தெடுப்பதும் இப்படிப் பிரிந்துபோனபிறகு, தவறு நடந்தால் அது எந்த இடத்தில் நடந்தது என்று காட்டுவதுகூடச் சிரமம்.

ஒளிந்து எடுப்பது புதிதில்லை. வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் பாதாள ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்து, சட்டைக் கை வழியாக ஒயரை இழுத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எடுத்தார். கேமராவின் பளபளப்பு தெரியக்கூடாதென்று கறுப்பு அடித்திருந்தார். அவற்றைப் புத்தகமாக்கியது 1966இல். கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடம். என்ன காரணமாக இருந்தாலும், அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நான் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. அதே நகரத்தில் பிலிப் லோர்க்கா டிகார்சியா, 1999க்கும் 2001க்கும் இடையில், டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் விளக்கைக் கட்டிவிட்டுத் தூரத்திலிருந்து வழிப்போக்கர்களின் தலைகளை எடுத்தார். அதில் ஒருவர் ஆச்சாரமான யூதர். உருவப்படம் தன் நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006இல் நியூயார்க் நீதிமன்றம் அது கலை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. தீர்ப்பு சரியாகத்தான் இருக்க வேண்டும். தெருவில் படமெடுக்க எல்லோரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றால் தெருவின் வரலாறே இருக்காது. ஆனால் அந்தப் பெரியவருக்குக் கிடைத்தது தீர்ப்பு மட்டும்தான். சின்னம்மா நீதிமன்றத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் நானும் ஜெயித்திருப்பேனோ என்னவோ.

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டு போனால் பாக்கெட் கேமரா புண்ணியம், பெரிய கேமரா பாவம் என்று முடிக்கத் தோன்றும். அது பொய். சாகக் கிடந்த தாத்தாவின் முகத்தில் ஆஸ்பத்திரியில் பளீரென்று ஃபிளாஷ் அடித்தது சின்னம்மாவின் கேமராதான். தாத்தா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அண்ணன் கல்யாணத்தில் குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்த மாமாவை எடுத்து மேசை மேசையாகக் காட்டியதும் அதே கேமராதான். 2007லேயே சோனி, ஆள் சிரித்தால் தானாகவே படமெடுக்கும் பாக்கெட் கேமராவை விட்டது. சிரிக்காத முகம் வைத்துக்கொள்ளத் தகுதியில்லாதது என்று ஓர் இயந்திரம் முடிவு செய்தது. சத்தமில்லாத ஷட்டரும் ஒரே குணம் கொண்டதில்லை. இழவு வீட்டில் தேவாரம் பாடும்போது அது மரியாதை. ஆற்றங்கரையில் நான் செய்தபோது அது பதுங்கல். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விற்கிற கைப்பேசிகளில் படமெடுத்தால் சத்தம் வந்தே தீரும், திருட்டுத்தனமாக எடுக்கிறவர்களுக்காக. சத்தம் என்பது எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கும் தகவல் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. சின்னம்மா "அசையாதீங்க" என்று சொன்னதும், திரையைத் திருப்பிக் காட்டியதும், கேட்டால் அழித்ததும் அவருடைய நல்ல குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாதி அப்படித்தான். மீதி பாதி, அந்தக் கேமராவுக்கு வேறு வழி தெரியாது. எதிரில் இருப்பவர் ஒத்துழைக்காவிட்டால் அதில் படமே வராது. நான் அந்தக் கேமராவில்தான் படமெடுக்கப் பழகினேன். ஆனால் கேட்கப் பழகவில்லை. கேட்டே ஆகவேண்டிய கட்டாயம் இருந்தது, கேட்டேன். ஏழாயிரம் வெள்ளி கொடுத்து அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்ட அன்று, கேட்பதா வேண்டாமா என்பது முதல்முறையாக என் கையில் வந்தது. வந்ததே எனக்குத் தெரியவில்லை. எந்த விமர்சனத்திலும் அது போட்டிருக்கவில்லை. எடை, பேட்டரி ஆயுள், கவனம் பிடிக்கிற வேகம் எல்லாம் பட்டியலில் இருந்தன.

கேமராவின் மேல் பழியைப் போட்டால் எனக்குச் சௌகரியம். பலவீனமான கருவி நம் சார்பில் சில வேலைகளைச் செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது அவற்றை நாமே செய்ய வேண்டும். இதை எந்தப் பொத்தானில் வைப்பார்கள்?

கேமராவை விற்கவில்லை. தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். "இருபத்து மூணும் இருக்கு சின்னம்மா. பாருங்க, அழிக்கச் சொன்னா அழிச்சிருவேன்" என்றேன். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்புக்குறிப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று காட்டினேன். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், முன்னும் பின்னும் போய்ப் பார்த்தார். தாங்கிய பெண்களில் ஒருவரைக் காட்டி, "இந்தம்மா யாருன்னே தெரியல. அப்புறம் படி ஏறி இறங்குற வரைக்கும் என் கூடவே வந்துச்சு" என்றார். நான் வெட்டியெறிந்த பெண்.

ஒன்பதாவது வந்தபோது நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது அழிக்கவா?"

"வேணாம். இருக்கட்டும். உனக்குள்ளயே இருக்கட்டும்."

பதினெட்டாவதைக் காட்டி இதை ஒன்று கழுவிக் கொடு என்றார். முந்தானை பாதி முகத்தை மறைத்திருக்கிறது. கட்டம் கண்ணைத் தவறவிட்டதால் கொஞ்சம் மங்கலும்கூட.

"இதுவா? இதுல உங்க முகமே சரியா தெரியலையே."

"பொடவ நல்லா தெரியுதுல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். எண்ணெய் காய்ந்துவிட்டிருந்தது.